பத்துப் புத்தகங்களும் ஒரு பொய்யும்

ஜனவரி பிறந்தால் நந்தனம் மைதானத்திலிருந்து புகைப்படங்கள் வரத் தொடங்கிவிடும். கட்டிலின் மேல் அடுக்கிய புத்தகங்கள், முதுகுகள் தெரியும்படி. கீழே ஒரு வரி: ‘இந்த ஆண்டு வாசிக்க.’ டிசம்பரில் அதே ஆட்கள் இன்னொரு பட்டியல் போடுவார்கள்: ‘இந்த ஆண்டு வாசித்தவை.’ இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஜனவரியில் வாங்கிய தடிமனான நாவல் டிசம்பர் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. பரவாயில்லை, எல்லார் வீட்டு அலமாரியும் அப்படித்தான். என் சண்டை அதைப் பற்றியது அல்ல. என்ன படிக்கிறோம் என்று இவ்வளவு ஆசையாகச் சொல்கிற நாம், ஏன் படிக்கிறோம் என்பதை மட்டும் ஏன் இப்படி மறைக்கிறோம்?

‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராமல் இல்லை. ‘முக்கியமான நாவல்.’ ‘தவறவிடக் கூடாத படைப்பு.’ ‘நண்பர்கள் எல்லாரும் பேசுகிறார்கள்.’ முதல் இரண்டும் பின்னட்டையில் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவதாவது உண்மை. ஆனால் அதையும் வெட்கப்பட்டுத்தான் சொல்கிறோம்.

நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் என் கதையையே சொல்லிவிடுகிறேன். சிவகங்கைச் சீமையில் இருக்கும் திருப்பத்தூர் எனக்கு ஊர். அங்கே மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் சில வருடங்களுக்கு முன் என்னிடம், “அண்ணே, இலக்கியம் படிக்கணும்னு ஆசையா இருக்கு, எதுல ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்துப் புத்தகங்களின் பெயர்களை ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். முதல் பெயர் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. அந்தப் பெயரை முதலில் போட்டதற்கு அவன் காரணம் இல்லை. என் பட்டியலை யாராவது பார்த்தால் அது முதலில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். புத்தகக் கண்காட்சிக்கென்று பஸ் ஏறி வந்து பத்தையும் வாங்கினான். அவன் சம்பளத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே, “முதல் பக்கத்துலயே காம்யுன்னு ஒருத்தரு வர்றாருண்ணே. அவரு செத்த மறுநாள் இவன் செத்தான்னு இருக்கு. அவரு யாருன்னே தெரியல. நமக்கு இதெல்லாம் வராது போலண்ணே,” என்றான்.

‘நமக்கு வராது.’ இந்த இரண்டு வார்த்தையை அவன் வாயில் போட்டவன் நான்தான். சுந்தர ராமசாமி அல்ல. 1981இல் வந்த அந்த நாவல் எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்கு அது எப்படி வந்து சேர்ந்தது? வாடகை நூலகத்தில் ராஜேஷ்குமாரைத் தின்று தீர்த்து, பாலகுமாரனில் இரண்டு வருடம் ஊறி, அதற்கப்புறம் விடுதி அறையில் கூட இருந்தவன் வைத்துவிட்டுப் போன பிரதியில். அந்த வழியை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ராஜேஷ்குமார் வெளியே வந்துவிடுவாரே! அதனால் ஏணியை மறைத்துக்கொண்டு மாடியிலிருந்து கை காட்டினேன்.

‘ஏன்’ என்ற கேள்வி நம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் எல்லாரும் அதைத் தாண்டிப் போகிறோம். என் வாழ்க்கையில் ஒரு புத்தகத்தை மிகச் சரியான காரணத்துக்காக எடுத்தது 2019 ஜூனில். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் காய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, இடம் போகாமல் காவல் நிற்க வேண்டும். அந்த நிற்பில்தான் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ படித்தேன். ஜமுனா குடத்தோடு அலையும் இடங்களைப் படிக்கும்போது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் குடம் தள்ளி வைத்ததற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லூரி நாளில் அதே நாவலைப் படித்து ‘நகர வாழ்வின் குறியீடு’ என்று ஒரு கட்டுரை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். வரிசையில் நின்றபோது குறியீடு எதுவும் தென்படவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஆனால் அந்த வருட டிசம்பர் பட்டியலில் நான் எழுதியது: ‘தண்ணீர் (மறுவாசிப்பு)’. அடைப்புக்குறிக்குள் இருந்த ஒரு சொல்தான் அதற்கு நான் கொடுத்த இடம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமானதும்கூட. பட்டியல் போட்டால்தானே புத்தகங்கள் நாலு பேருக்குத் தெரியும்? க.நா.சு. வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டவர்தானே? உண்மை. பட்டியல்காரர் என்று அவரைத் திட்டியவர்களும் உண்டு. ரசனை போதும் என்ற அவருக்கும், அலசிக் காட்ட வேண்டும் என்ற சி.சு. செல்லப்பாவுக்கும் நடந்த வாதம் தமிழ் விமர்சனத்தில் பிரசித்தம். ஆனால் க.நா.சு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டபோது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தனக்கு ஏன் பிடித்தது என்று தன் பெயரில் சொன்னார். லாகர்குவிஸ்ட்டைப் படியுங்கள் என்று சொல்வதோடு நிற்காமல் ‘அன்பு வழி’ என்று மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தார். அட்டையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு நாம் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது கொஞ்சம் அதிகம்.

வருடத்துக்கு ஐம்பது, நூறு என்று இலக்கு வைத்துப் படிப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நானும் ஒரு வருடம் வைத்தேன். டிசம்பர் கடைசியில் புத்தகத்தை எடுத்ததும் எழுத்தாளர் பெயரைப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தின் எண்ணைப் பார்த்தேன். அத்தோடு விட்டுவிட்டேன்.

தலைப்பில் சொன்ன பொய்யை இன்னும் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்குக் கொடுத்த பத்தில் ஆறாவது, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. அதை அப்போது நான் முடித்திருக்கவில்லை. இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் கீழே வைத்தவன். ஆனாலும் ‘வாசித்தவை’யில் சேர்த்திருந்தேன். அவனுக்கும் சிபாரிசு செய்தேன். படிக்காத புத்தகத்தைக் காட்டி ஒருவனின் சம்பளத்தைச் செலவழிக்க வைத்தவன் நான்.

இப்போது அதைத்தான் மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் இலக்கியம் அல்ல. போன மாதம் ஊரில் பழைய பெட்டியை ஒழித்தபோது தாத்தாவின் கடிதம் ஒன்று கிடைத்தது, மேடானிலிருந்து எழுதியது. அங்கே ஒரு வட்டிக்கடையில் ‘அடுத்தாளாக’ இருப்பதாக எழுதியிருந்தார். அடுத்தாள் என்றால் என்ன என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிங்கம்புணரிக்காரரான சிங்காரம் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர், மேடானில் வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்தேன்.

போன வாரம் அந்தத் தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாவது புத்தகத்தை நான் படிக்கவே இல்லை என்பதையும். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சிரித்தான்.

“சரி, அடுத்தாள்னா யாருண்ணே?”

“மேலாளுக்கு அடுத்தபடியா கடையில கணக்கு வழக்குப் பாக்குறவரு.”

“அப்ப எங்க கடையில நான்தான். அந்தப் புத்தகம் இங்க பிரிக்காமக் கிடக்கு. நீங்க எந்தப் பக்கத்துல இருக்கீங்க?”

“தொண்ணூத்தாறு.”

“இருங்க, வர்றேன்,” என்றான்.