மூன்றரை மில்லிமீட்டர்

ஒரு பம்ப் கேசிங்கின் வரைபடம் கோவையில் பல கைகள் மாறுகிறது. பீளமேட்டு டிசைன் ஆபீஸில் வரைந்தது கணபதியில் பேட்டர்ன் செய்கிறவரிடம் போகும். அங்கிருந்து அரசூர்ப் பக்கம் ஃபவுண்டரிக்கு. வார்ப்பு ஆறி வந்த பிறகு ஆவாரம்பாளையத்திலோ குறிச்சி சிட்கோவிலோ ஜாப் ஒர்க் எடுக்கும் லேத் பட்டறைக்கு. கடைசியாக இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு. ஒவ்வொரு இடத்திலும் மென்பொருள் வேறு, பிரிண்டர் வேறு, வெளிச்சம் வேறு. ஓரிடத்தில் ஆட்டோகேட் இருக்கும், அடுத்த இடத்தில் இசட்டபிள்யூகேட். அதற்கும் அடுத்த இடத்தில் கணினியே இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பை ஒரு கையால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே மறு கையால் வெர்னியரைப் பிடிப்பார்கள். இத்தனை கை மாறினாலும் கோடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. அடிபடுவது எழுத்துதான்.

"டெக்ஸ்ட் சின்னதா வருது" என்ற குறை நம் துறையில் அன்றாடம் கேட்பது. அதற்கு நாம் செய்யும் வைத்தியமும் அன்றாடம் பார்ப்பதுதான்: சின்னதாகத் தெரிந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் ஒரு பெரிய எண்ணைப் போட்டு, திரையில் கண்ணுக்கு இதமாகத் தெரிந்ததும் விட்டுவிடுவது. இந்தப் பழக்கம் போக வேண்டும் என்று சொல்லத்தான் இந்த ஆசிரியர் உரை. எழுத்தின் உயரத்தைத் திரையில் முடிவு செய்ய முடியாது. அது தாளில் முடிவாக வேண்டியது. பழுது தேடுவதையும் தாளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கித்தான் போக வேண்டும்.

மினி டிராஃப்டரும் ட்ரேசிங் ஷீட்டும் இருந்த காலத்தில் இந்தக் குழப்பம் எழ வழியே இல்லை. ஸ்டென்சிலில் 2.5, 3.5, 5, 7 என்று உயரம் வெட்டியே இருந்தது. அதற்கேற்ற மைப்பேனா 0.25, 0.35, 0.5, 0.7. உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கோட்டுத் தடிமன் என்ற கணக்கு அது. ஐஎஸ்ஓ 3098-உம் நம் ஐஎஸ் 9609-உம் சொல்லும் இந்த வரிசையில் ஒவ்வொரு உயரமும் முந்தையதைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ வரிசைத் தாள்களின் அளவும் அதே விகிதத்தில் ஏறுகிறது. ஆகவே ஏ2 தாளில் 3.5-இல் எழுதியதை ஏ3 ஆகச் சுருக்கினால் எழுத்து சரியாக 2.5 ஆகும், 0.35 கோடு 0.25 ஆகும். சுருக்கிய பிரதியில் கை வைத்துத் திருத்த வேண்டுமென்றாலும் அதற்கான ஸ்டென்சிலும் பேனாவும் பெட்டியிலேயே இருக்கும். இவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இன்று ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத்து வரிசையைச் சொல்லித்தருகிறோம். அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். காரணம் தெரிந்தவர் 3.5 என்ற எண்ணை மனம்போன போக்கில் மாற்ற மாட்டார்.

1982-இல் ஆட்டோகேட் வந்தபோது பொருளை அதன் முழு அளவிலேயே வரைவது வழக்கமாயிற்று. அது பெரிய வசதி. ஆனால் எழுத்துக்கும் அதே வெளியில் இடம் கொடுத்ததால், எழுத்தும் பொருளோடு சேர்ந்து சுருங்க வேண்டியதாயிற்று. 1:2-இல் அச்சாகும் வரைபடத்தில் தாளில் 3.5 வேண்டுமென்றால் மாடல் ஸ்பேஸில் 7 போட வேண்டும். அதை மறந்து 3.5 என்றே போட்டால் அச்சில் 1.75. ஏ3-க்கு அமைத்த அந்தத் தாளை ஆபீஸ் பிரிண்டரில் ஏ4-இல் எடுத்தால் சுமார் 1.24. அந்த உயரத்தில் 3, 6, 8 மூன்றும் ஏறத்தாழ ஒரே உருவம்தான். தசமப் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஃபவுண்டரிக் கரியும் கூலண்ட் எண்ணெயும் படிந்த தாளில் சொல்லவே வேண்டாம்.

இதில் டாலரன்ஸ் படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். டைமென்ஷன் எழுத்தோடு ஒப்பிட்டு டாலரன்ஸ் எழுத்தின் உயரத்தைக் குறைக்க ஒரு காரணி இருக்கிறது, டிம்டிஃபேக் என்று. அது இயல்பாக 1. இடம் மிச்சப்படும் என்று பலர் அதை 0.5 ஆக்கி வைத்திருக்கிறார்கள். 3.5 எழுத்துக்கு டாலரன்ஸ் 1.75 ஆகிவிடும். தாளும் சுருங்கினால் அதுவும் கரையும். ஒரு பேரிங் இருக்கையில் 52 என்ற எண்ணை யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள். பேரிங்கைக் கையில் எடுத்தாலே அளவு தெரிந்துவிடும். அதன் பக்கத்தில் இருக்கும் மைக்ரான் கணக்குதான் பாகம் சேருமா சேராதா என்று தீர்மானிக்கிறது. வரைபடத்திலேயே கனமான தகவலை மிகச் சின்ன எழுத்தில் போடும் இந்த வழக்கத்தை விட்டாக வேண்டும். 0.7-க்குக் கீழே அந்தக் காரணி இறங்கக் கூடாது. அப்போது 3.5-க்கு அடுத்த படியான 2.5-இல் டாலரன்ஸ் நிற்கும்.

இனி, பழுது பார்க்கும் வழி. முதலில் அச்செடுத்த தாளையும் ஸ்டீல் ரூலையும் எடுங்கள். எழுத்தை அளப்பதற்கு முன்னால் பார்டரை அளங்கள். ஐஎஸ்ஓ 5457-இன்படி அமைத்த ஏ3 தாளில் உட்சட்டம் 390-க்கு 277. சட்டம் அந்த அளவில் வராவிட்டால் வரைபடத்தில் குற்றமில்லை, அச்சில்தான் குற்றம். பிளாட் பெட்டியில் ஃபிட் டு பேப்பர் டிக் ஆகியிருக்கும். அங்கே சரியாக இருந்தால் பிடிஎஃப்பைத் திறந்து அச்சிடும் இடத்தில் இன்னொரு ஃபிட் உட்கார்ந்திருக்கும். அதை ஆக்சுவல் சைஸ் ஆக்க வேண்டும். எழுத்து சின்னதாக வருகிறது என்ற புகார்களில் நிறைய இந்த இரண்டு டிக்கிலேயே முடிந்துவிடும். அதைப் பார்க்காமல் வரைபடத்துக்குள் போய் எண்களை மாற்றினால், சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவோம்.

சட்டம் சரி, எழுத்து மட்டும் தவறு என்றால்தான் உள்ளே போக வேண்டும். முதலில் டெக்ஸ்ட் ஸ்டைல். அதில் உயரம் 0 என்று இருந்தால் எழுதும்போது கேட்கும். ஓர் எண் போட்டிருந்தால் கேட்காது, அதையே எடுத்துக்கொள்ளும். டைமென்ஷன் ஸ்டைலில் டெக்ஸ்ட் ஹைட் மங்கிப்போய், எண்ணை மாற்ற விடாமல் நிற்கிறது என்றால் காரணம் இதுதான். டைமென்ஷனுக்கு எடுக்கும் டெக்ஸ்ட் ஸ்டைலில் உயரம் எப்போதும் 0-வாகவே இருக்கட்டும்.

அடுத்தது டிம்ஸ்கேல் என்ற ஓவரால் ஸ்கேல். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் அடுக்கடுக்காகச் சேர்கிறது. புதிய வரைபடத்தை மெட்ரிக் டெம்ப்ளேட்டான அகேட்ஐஎஸ்ஓவில் தொடங்காமல் அங்குலத்துக்கான அகேட் டெம்ப்ளேட்டில் ஒருவர் தொடங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் டைமென்ஷன் எழுத்து 0.18. மில்லிமீட்டரில் வரைந்தால் எண்களே கண்ணுக்குத் தெரியாது. அவர் டிம்ஸ்கேலை 20 ஆக்குகிறார், எழுத்து 3.6 ஆகி, ஏறக்குறைய சரியாகிவிட்டது போல் தோன்றுகிறது. அடுத்த ஷிஃப்டில் வந்தவர் ஆபீஸ் வழக்கப்படி டெக்ஸ்ட் ஹைட்டை 3.5 ஆக்குகிறார். இப்போது எழுத்து 70 மில்லிமீட்டர், வரைபடத்தையே மூடிக்கொண்டு நிற்கிறது. மூன்றாமவர் ஸ்டைலைத் தொடாமல் டைமென்ஷன்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஓவர்ரைடு போடுகிறார். அதற்குப் பிறகு ஸ்டைலில் அந்த எண்ணை மாற்றினாலும் அந்த டைமென்ஷன்கள் அசையாது. மூவருமே கெட்டிக்காரர்கள்தான். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்படிச் சிக்கிய வரைபடத்தில் டிம்ஓவர்ரைடு கட்டளையில் கிளியர் கொடுத்து எல்லா ஓவர்ரைடுகளையும் நீக்கி, டைமென்ஷன் ஸ்டைலில் உயரம் 3.5, டிம்ஸ்கேல் அச்சு விகிதத்துக்குரிய எண் என்று ஒரே இடத்தில் வைத்துவிட்டால் எல்லாம் தானாக அடங்கும். சாதாரண எழுத்துகளுக்கு ஸ்கேல்டெக்ஸ்ட் கட்டளை போதும். ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே நின்று உயரம் மட்டும் மாறும்.

ஆட்டோகேட் 2008 பதிப்பில் வந்த ஆனோடேட்டிவ் வசதி இந்தக் கணக்கையெல்லாம் தானே போட்டுக்கொள்கிறது. தாளில் 3.5 என்று சொன்னால் போதும், எந்த விகிதத்தில் வியூபோர்ட் இருந்தாலும் 3.5 வரும். ஒரே ஆபீஸுக்குள், ஒரே மென்பொருளில் வேலை நடக்கிறது என்றால் அது நல்ல வசதி, பயன்படுத்துங்கள். ஆனால் அந்த எழுத்து தனக்குத் தெரிந்த விகிதங்களில் மட்டுமே தோன்றும். வியூபோர்ட்டின் விகிதம் அதன் பட்டியலில் இல்லையென்றால் காணாமல் போய்விடும். எழுத்து சின்னதாக இருந்தால் யாராவது கேட்பார்கள். எழுத்தே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பட்டறையில் யாருக்குத் தெரியும்? பழைய பதிப்பிலும் வேறு மென்பொருளிலும் திறக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது.

ஆகவே வெளியே போகும் பாக வரைபடங்களுக்கு நம் கருத்து இது: வடிவம் மாடல் ஸ்பேஸில் இருக்கட்டும், டைமென்ஷனும் குறிப்பும் லேஅவுட்டில், தாளின் மேலேயே இருக்கட்டும், டிம்ஸ்கேல் 1, உயரம் 3.5. இதற்கான பேப்பர் ஸ்பேஸ் வசதி 1990-இலேயே வந்துவிட்டது. கோவைப் பட்டறைகளில் இன்றும் பலர் அதைத் தொடுவதில்லை. இதில் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. லேசர் கட்டிங், வயர் கட் செய்கிறவர்களுக்கு மாடலை மட்டும் டிஎக்ஸ்எஃப்பாகக் கொடுத்தால் போதும். எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கும் வேலை அவர்களுக்கு மிச்சம். குறையும் இல்லாமலில்லை. டைமென்ஷன் வடிவத்தோடு கட்டுண்டிருக்க வேண்டும். கட்டு அறுந்தால் வடிவம் மாறினாலும் எண் பழையதாகவே நிற்கும். கைப்பேசிச் செயலிகளில் டிடபிள்யூஜி கோப்பைத் திறப்பவருக்கு லேஅவுட் உடனே தெரியாமலும் போகலாம். அதனால் டிடபிள்யூஜியோடு பிடிஎஃப்பும் கட்டாயம் போக வேண்டும். பிடிஎஃப்தான் ஆதாரம் என்று டைட்டில் பிளாக்கில் எழுதியிருக்க வேண்டும்.

எழுத்துருவைப் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் வைத்த எஸ்எச்எக்ஸ் எழுத்துரு அடுத்தவரிடம் இல்லையென்றால் மென்பொருள் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். உயரம் மாறாது, அகலம் மாறும், வரி மடியும், டயா குறி இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வரும். ஈட்ரான்ஸ்மிட் மூலம் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினால் தீர்ந்தது. புதிய 4கே மானிட்டரில் மெனு எழுத்து பொடியாகத் தெரிகிறது என்பவர்கள் விண்டோஸின் டிஸ்ப்ளே ஸ்கேலிங்கை மாற்றிக்கொள்ளட்டும். அதற்கும் வரைபடத்துக்கும் சம்பந்தமில்லை.

கட்டட வரைபடம் செய்யும் நண்பர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். கொங்குப் பகுதியில் வீட்டுக்காரர் பேசுவது அடிக்கணக்கு, கொத்தனார் கேட்பது அடி அங்குலம். அனுமதிக்குப் போகும் வரைபடம் மீட்டரில். ஓர் ஆபீஸில் ஒரு யூனிட் என்றால் ஓர் அங்குலம், இன்னொன்றில் ஓர் அடி, ஆர்க்கிடெக்ட்டிடமிருந்து வரும் கோப்பில் ஒரு மில்லிமீட்டர். அந்த மில்லிமீட்டர் கோப்பு மற்றவற்றோடு சேரும்போது எழுத்து 25.4 மடங்கோ 304.8 மடங்கோ ஊதும் அல்லது சுருங்கும். எழுத்தின் உயரம் இந்த இரண்டு எண்களில் ஒன்றால் தவறியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், யூனிட்ஸில் இன்சர்ஷன் ஸ்கேலைப் பாருங்கள். 1:100-இல் தாளில் 2.5 வேண்டுமென்றால் மில்லிமீட்டர் வரைபடத்தில் 250. கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற விகிதத்தில் அரைக்கால் அங்குல எழுத்துக்கு ஆறு அங்குலம். இந்த இரண்டையும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை ஓயும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கூடி வருகிறார்கள் என்பது மகிழ்ச்சி. வெட் கிரைண்டர் பேனலிலும் மோட்டார் பொருத்தும் குறிப்பிலும் வீட்டுப் பிளானிலும் தமிழ் வருகிறது. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். மென்பொருள் உயரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்து அளக்கிறது. நமக்கோ மேலே விலங்கும் கீழே சுழியும் உண்டு. 'கீ'யும் 'மூ'வும் அந்த உயரத்துக்குள் அடங்காது, உள்ளே இருக்கும் வளைவுகளும் நெருங்கிவிடும். ஆங்கிலத்துக்கு 3.5 என்றால் தமிழுக்கு 5 வையுங்கள், வரி இடைவெளியையும் கூட்டுங்கள். பழைய கீபோர்டு எழுத்துருக்களை விட்டு லதா, நிர்மலா யூஐ போன்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாறிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். பேனல் அச்சுக்குக் கொடுக்கும்போது எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப்பாகக் கொடுங்கள்.

வேலை கொடுக்கும் பெரிய நிறுவனங்களிடமும், கொடிசியா, சீமா போன்ற சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறை ஒன்று பத்து வாடிக்கையாளரின் பத்து வகை டெம்ப்ளேட்டோடு மல்லுக்கட்டுகிறது. ஏ4, ஏ3, ஏ2 மூன்றுக்கும் ஒரு பொது டெம்ப்ளேட்டைச் சங்கங்கள் இலவசமாகக் கொடுக்கலாம். அதைச் செய்து முடிக்கும் ஆட்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அதில் எழுத்து 3.5, டாலரன்ஸ் காரணி 0.7, யூனிட் மில்லிமீட்டர் என்று பூட்டியிருக்கட்டும். டைட்டில் பிளாக்குக்கு மேலே சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு, அதன் கீழே 'அச்சில் இந்தக் கோடு 100 மி.மீ. இல்லையென்றால் இந்தத் தாளை வைத்து வேலை செய்ய வேண்டாம்' என்று 5 உயரத்தில் தமிழிலேயே ஒரு வரி. சங்கம் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆபீஸ் டெம்ப்ளேட்டில் அந்தக் கோட்டை இன்றைக்கே வரைந்து, கோப்பை ரீட் ஒன்லி ஆக்கி, எல்லா மேசையிலும் புதிய வரைபடம் அதிலிருந்தே திறக்கும்படி ஆப்ஷன்ஸில் அதன் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.