மறுமணமும் பிள்ளைகளின் தாபரிப்பும்

தாபரிப்புப் பணத்தைக் குறைக்குமாறு நீதவான் நீதிமன்றத்தை நாடும் தந்தையர் பலர் கூறும் காரணம், தமக்கு இன்னொரு குடும்பம் ஏற்பட்டுவிட்டது என்பதாகும். ஊராரின் அனுதாபமும் அவர்கள் பக்கமே சாய்கின்றது. தாய் மறுமணம் புரிந்தாலோ, 'இனி வந்தவர் பார்த்துக்கொள்ளட்டும்' என்று பெற்றவனை விடுவித்துவிடுகின்றனர்.

1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அவ்வாறு விடுவிக்கவில்லை. முஸ்லிம்களின் வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றங்களிலும் மறுமணத்தால் தந்தையின் கடமை அற்றுப்போவதில்லை. சூழ்நிலை மாறினால் கட்டளையைத் திருத்தலாம் என்பது மெய்யே. புதிதாகப் பிறந்த குழந்தையும் குற்றமற்றதே; அதன் பாற்செலவைப் புறந்தள்ள எவராலும் இயலாது. ஆயினும் அத்திருத்தம் குறைப்பதற்கு மட்டுமன்றிக் கூட்டுவதற்கும் உரியது என்பதை ஊர் மறந்துவிடுகின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. அதற்கு முன்னர் நிர்ணயிக்கப்பட்ட தொகையையே இன்றும் பெறும் தாய்மார், ஒருநாட் கூலியை இழந்து வழக்காட அஞ்சி வாளாவிருக்கின்றனர். அவர்களுக்காகப் பரிந்து பேசுவார் எவருமில்லை.

குறைக்கக் கோரும் மனுவொன்று வருகையில், புதிய குடும்பத்தின் செலவோடு முதற்பிள்ளையின் பாடசாலைச் செலவும் இடையில் ஏறிய விலைவாசியும் ஒருங்கே பரிசீலிக்கப்படுதல் வேண்டும்.