தலைவிதியும் சாலைவிதியும்

'விதி' என்னும் ஒரே சொல்லைத் தமிழர் இரண்டு பொருளில் வழங்கி வருகிறோம். ஒன்று, மனிதர் கூடி யோசித்து எழுதி வைத்த சட்டம். மற்றொன்று, மனிதரைக் கேளாமலே எவரோ நெற்றியில் எழுதி வைத்ததாகச் சொல்லப்படும் எழுத்து. முன்னதை மீறினாலும் குற்றமில்லை, பின்னதை மீறவே முடியாது என்பது நம்மவரின் நம்பிக்கையாக இருந்து வருகிறது. இந்நம்பிக்கையினால் விளையும் கேட்டைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நகரத்தைச் சேர்ந்த சுங்கை பினாங்கில், ஒரு மாலை வேளை சாலையோரம் நின்று பார்த்தாலே போதும்.

நாம் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். நமது தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போன ஒருவர், வேலை முடிந்து வீடு திரும்புகையில், சுங்கை பினாங்கில் சாலையைக் கடந்தபோது மோட்டார் வண்டி மோதி மாண்டார். துக்க வீட்டுக்கு வந்தோர் ஒருவர் தவறாமல், "அவன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போயினர். சில நாள் கழித்து அவர் மனைவி, சொக்சோ பத்திரங்களை நிரப்பித் தரும்படி நம்மிடம் வந்தார். 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் உதவித் தொகை உண்டு. எந்த இடம், எத்தனை மணி, எவ்வாறு நேர்ந்தது என்று அப்பத்திரம் கேட்டது. 'தலைவிதி' என்று எழுத அதில் ஒரு கட்டமும் இல்லை. இத்தனை உறவினரும் கேளாத கேள்வியை ஒரு காகிதம் கேட்டதே என்று நாம் வெட்கப்பட்டோம்.

கேட்டால் அல்லவா விடை கிடைக்கும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. எதிரே ஆள் நிற்பதைக் கண்டு ஓட்டுபவன் காலை பிரேக்கில் வைப்பதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி பிடிக்கும். அதே வண்டி 30 கிலோமீட்டரில் வந்தால் அவ்விநாடியில் 8 மீட்டர்தான் ஓடும். பிறகு நிற்பதற்கும் மிகக் குறைந்த தூரமே போதும். இதில் பிரமன் எழுத்து எங்கே இருக்கிறது? இது பள்ளிப் பிள்ளைகள் போடும் கணக்கு. இக்கணக்கை ஒட்டியே 2020-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு, நடப்போரும் வண்டிகளும் கலந்து செல்லும் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று வற்புறுத்தியது.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் மாது மோட்டார் வண்டியில் அடிபட்டு இறந்தார். மரண விசாரணை நடத்திய அதிகாரி, இனி இப்படி ஒன்று நேராதிருக்கட்டும் என்று விரும்பியதாகச் சொல்லப்படுகிறது. 2021-ஆம் ஆண்டில் உலகச் சாலைகளில் மாண்டோர் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் என்றும், அவர்களில் நடந்து சென்றோர் மட்டும் 2 லட்சத்து 74 ஆயிரம் பேர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்குக் காட்டியிருக்கிறது. இத்தனை பேர் நெற்றியிலும் ஒரே எழுத்தா எழுதப்பட்டிருந்தது?

"நடப்பவன் மட்டும் ஒழுங்காக நடக்கிறானா?" என்று சிலர் கேட்கலாம். நடப்பதில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். கடவை பத்தடி தூரத்தில் இருக்க, தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறான். கைப்பேசியைப் பார்த்தபடியே சாலையில் இறங்குகிறான். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகளை எதிர்நோக்கி நடக்க வேண்டும் என்பதை அறியாமல் முதுகைக் காட்டி நடக்கிறான். இவை யாவும் குற்றமே. ஆனால் நடப்பவன் தவறினால் பெரும்பாலும் தன் உயிரைத்தான் இழக்கிறான். ஓட்டுபவன் தவறினால் பிறர் உயிரைப் பறிக்கிறான். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகுமா? பலம் மிக்கவனுக்குக் கடமையும் மிகுதி என்பதே சாலை விதியின் சாரம்.

நிற்க, நடப்பவனைச் சாலையில் தள்ளியது யார்? 1822-ஆம் ஆண்டு ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், கடைவீடுகளின் முன்னே எவரும் தடையின்றி நடக்கக் கூரையிட்ட வழி விட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அம்முறை பினாங்கிலும் பரவியது. அதுவே நாம் 'அஞ்சடி' என்று சொல்லும் நடைவழி. வெயிலிலும் மழையிலும் ஏழை நடப்பதற்கென்று ஏற்பட்ட அவ்வழியில் இன்று என்ன இருக்கிறது? ஓரிடத்தில் மூட்டை, ஓரிடத்தில் மேசை நாற்காலி, ஓரிடத்தில் மோட்டார் சைக்கிள்! அஞ்சடியை அடைப்பது 1974-ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். அடைத்திருப்பவர்களில் நம்மவரும் இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. வாசலில் கோலமிட்டு விருந்தினரை வரவேற்கும் குடும்பம், அதே வாசலில் கிழவியைச் சாலையில் இறக்கி விடுவது எந்த தர்மம்?

புது வண்டி வாங்கினால் மாலையிட்டுச் சூடம் கொளுத்திச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். பழம் நசுங்கியதால் இனி ஆள் நசுங்கமாட்டான் என்று எண்ணுகிறோம் போலும்! அன்றே முதல் கடவையில் ஒரு தாய் குழந்தையோடு நிற்க, வண்டியை நிறுத்தாமல் போகிறோம். காப்பது பழமா, பிரேக்கா? மலேசியாவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் சாலையில் மாண்டோர் 6,000 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே வேகம் நடப்பவனை மட்டுமல்ல, நம் வாலிபனையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்லுவோம். வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் கடமை தீர்ந்ததாகாது. மங்கிய கோட்டைப் புதுப்பிப்பதும், கடவையில் விளக்கு வைப்பதும், கிழவர் கடந்து முடியுமளவு பச்சை விளக்கை நிறுத்துவதும், அஞ்சடியை முகம் பாராமல் திறந்து விடுவதும் தருமமல்ல. அது அவர்கள் வாங்கும் சம்பளத்துக்குரிய வேலை.

தோழர்களே, அடுத்த முறை துக்க வீட்டில் எவரேனும் "விதி" என்று வாய் திறந்தால், "எந்த விதி? அதை மீறியவர் யார்?" என்று கேளுங்கள். அக்கேள்வி மரியாதைக் குறைவென்று சிலர் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும். இறந்தவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதே இடத்தில் இன்னொருவர் இறக்காமல் பார்த்துக்கொள்வதே என்பது நமது அபிப்பிராயம்.