வண்டிப் பேச்சே போதும்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "நமக்குள்ள என்னங்க வரையறை? மனசுல பட்டதைப் பேசினாத்தானே நட்பு?" இங்கே வண்டியைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அவர் முசுடு, கறார்ப் பேர்வழி, மனிதர்களோடு பழகத் தெரியாதவர் என்று பெயர் வாங்கிவிடுவார். எதையும் பேசலாம் என்றால்தான் நெருக்கம் வரும் என்ற இந்த நம்பிக்கை எவ்வளவு பரவலானதோ அவ்வளவு தவறானது. நான் அறிந்தவரை பழைய வண்டிக் கூட்டங்கள் கட்டுப்பாட்டால் கலைந்ததில்லை. வாய்க்கு வந்ததைப் பேசிப் பேசித்தான் கலைந்திருக்கின்றன.

இந்தக் கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி, டீக்கடை வாசல். திருவொற்றியூர் ஆலையில் செய்த காஸ்ட் அயர்ன் புல்லட்டில் ஒரு மருத்துவர் வந்து இறங்குகிறார். மைசூரில் செய்த ஜாவாவில் லேத் பட்டறைத் தொழிலாளி. அப்பா விட்டுப்போன லாம்பிரெட்டாவில் ஒரு வங்கி ஊழியர். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர். இரண்டு இடத்தில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஆர்எக்ஸ் 100 வாங்கிய பையன். நம் ஊரில் இவர்கள் எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கும் இடம் வேறு எது? கல்யாணப் பந்தியில் சாதி பிரிக்கும், தேர்தல் வந்தால் கொடி பிரிக்கும், குடியிருக்கும் தெருவை வாடகை பிரிக்கும். இங்கே சேர்த்து வைத்தது வண்டி ஒன்றுதான். பேச்சு வண்டியில் நிற்கும்வரை லேத் தொழிலாளியும் மருத்துவரும் சமம். பல நேரம் லேத் தொழிலாளி ஒரு படி மேலே இருப்பார்.

அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பழைய புல்லட் வெறும் பலத்துக்குக் கிளம்பாது. அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்த்துவிடும். ஹெட்லைட் கூண்டின் மேலே ஆம்ப் மீட்டர் என்று ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், சாய்ந்து நிற்கும் முள் ஓர் இடத்தில் நடுவுக்குத் திரும்பும். பாயின்ட் திறக்கும் இடம் அது. அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையையும் வைத்து ஒரே உதை. அப்போதும் கிளம்பவில்லையா? பாயின்ட் மூடியைக் கழற்றி ஃபீலர் கேஜை உள்ளே விட வேண்டும். இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஒரு மெல்லிய தாளை இடையில் வைத்து லேசாக இழுத்துப் பிடித்தபடி என்ஜினைச் சுற்றினால், தாள் நழுவும் நொடியில் டைமிங் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஊரறிந்த மருத்துவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கூட்டத்துக்கு வந்திருக்கும் மெக்கானிக்கிடம் "பாய், இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்கிறார். மெக்கானிக் காட்டுகிறார். அந்த அரை மணி நேரத்தில் அவர்தான் வாத்தியார். அவருடைய வீடு, வருமானம், படிப்பு எதுவும் அங்கே கணக்கில்லை.

இப்போது அதே பெஞ்சில் ஒருவர் தேர்தலை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிமிடமே அந்த வாத்தியார் பதவி பறிபோய்விடும். உரத்த குரல் உள்ளவர், ஊரில் செல்வாக்கு உள்ளவர், எதிர்த்துப் பேசினால் நஷ்டமில்லாதவர் கையில் பேச்சு போய்விடும். மெக்கானிக்கால் எதிர்த்துப் பேச முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர் சிரித்து மழுப்புவார், டீ கிளாஸைக் கொடுக்கப் போகிற சாக்கில் எழுந்து போவார். இதையா மனம் விட்டுப் பேசுவது என்கிறீர்கள்? மனம் விட்டுப் பேசும் வசதி அங்கே சிலருக்கு மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவர்கள்.

அரசியலைவிட மோசமானது இன்னொன்று. "தம்பி எந்த ஊரு?" என்று தொடங்கும். ஊரைச் சொன்னதும் "அங்க எந்தத் தெரு?" என்று வரும். அந்த இரண்டாவது கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஜாவாவின் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்று கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்த பையன் அந்தக் கேள்வியோடு சுருங்கிவிடுகிறான். அவன் அடுத்த வாரம் வரமாட்டான். வரவில்லையே என்று கேட்டால் வண்டியில் கோளாறு என்பான்.

எங்கள் வட்டாரத்தில் பழைய புல்லட் என்றாலே எல்லாரும் தேடிப் போகும் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார். எங்கள் எல்லாருக்கும் பாய். என்ஜின் சத்தத்தைக் கேட்டே புஷ் தேய்ந்திருக்கிறதா, டேப்பெட் தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒரு ஞாயிறு, பேச்சு எங்கெங்கோ சுற்றி மதத்தில் வந்து நின்றது. யாரும் அவரைப் பார்த்துப் பேசவில்லை. அவரை வைத்துக்கொண்டே, அவர் அங்கே இல்லாததுபோல் பேசினார்கள். அவர் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுருட்டினார். "கடையில வேலை இருக்குங்க" என்று கிளம்பினார். அதன் பிறகு எங்கள் கூட்டத்துக்கு அவர் வரவே இல்லை. வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனால் வேலை செய்து கொடுத்தார், காசு வாங்கினார், அவ்வளவுதான். பேசியவர்கள் இன்றும் நாங்கள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே என்கிறார்கள். புத்தகத்தில் எழுதப்படாத அவ்வளவு கைப்பக்குவமும் கூட்டத்தை விட்டுப் போனதே, அதற்கு என்ன பதில்?

வண்டிப் பேச்சு மட்டும் போதும் என்பதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவது: "வண்டியைப் பற்றிப் பேசினா மட்டும் சண்டை வராதா?" வரும், நன்றாகவே வரும். 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது பாகங்கள் இங்கிலாந்தின் ரெடிச் ஆலையிலிருந்து வந்தன, பிறகுதான் எல்லாம் இங்கேயே செய்யப்பட்டன. ஆகவே இந்த வண்டியில் இருப்பது ரெடிச் பாகமா, சென்னைப் பாகமா என்று ஒரு காலை முழுக்கச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யெஸ்டி பைக்கை 12 வோல்ட்டுக்கு மாற்றலாமா, பழைய பெயின்டைச் சுரண்டலாமா, டிஸ்க் பிரேக் வைத்தால் அது பழைய வண்டிதானா என்று எத்தனையோ தகராறு. ஆனால் இந்தச் சண்டைகளுக்கு ஒரு முடிவு உண்டு. மூடியைக் கழற்றினால் வார்ப்பில் எண் இருக்கும். கேஜை வைத்தால் அளவு தெரியும். தோற்றவர் தோற்றதை ஒப்புக்கொண்டு டீக்குக் காசு கொடுப்பார், போகும்போது ஒன்றைக் கற்றுக்கொண்டும் போவார். மதச் சண்டைக்கும் கட்சிச் சண்டைக்கும் எந்த மூடியைக் கழற்றுவது?

பேச்சு வண்டியில் நின்றால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டியைச் சாக்காக வைத்தே ஆளை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆர்எக்ஸ் பையன் முதல்முறை வந்து நிறுத்துகிறான். 1985 கடைசியில் வந்து 1996இல் நின்றுபோன வண்டி அது. தொடக்க கால வண்டிகளில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்கள் இருந்ததால் அவற்றுக்குத் தனி மவுசு. மூத்தவர் ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டேங்க் டூப்ளிகேட், சைலன்ஸர் டூப்ளிகேட். எவ்வளவு கொடுத்த? ஏமாத்திட்டானுங்க தம்பி" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அந்த உண்மையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். "ஒரிஜினல் டேங்க் புதுப்பேட்டையில அப்பப்ப வரும், நான் சொல்லி வைக்கிறேன்" என்றும் சொல்லியிருக்கலாம். என்ன விலை கொடுத்தான் என்பது அவனுக்கும் விற்றவருக்கும் உள்ள கணக்கு. வண்டியின் குறையைச் சொல்ல எல்லாருக்கும் உரிமை இருக்கிறது. வண்டிக்காரனைக் குறைத்துப் பேச ஒருவருக்கும் இல்லை.

அரசாங்கம் போடும் உத்தரவுகள் நம் வண்டிகளைத் தொடுகின்றனவே, அரசியல் பேசாமல் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2021 ஜூலையில் மத்திய அரசு 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், நம்பர் பலகையில் விஏ என்ற எழுத்துகள். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற சில காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய வண்டிகளின் மறுபதிவுக் கட்டணம் பைக்குக்கு 300இலிருந்து 1,000 ரூபாயாகவும், காருக்கு 600இலிருந்து 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இதையெல்லாம் கட்டாயம் பேச வேண்டும். தாத்தாவின் புல்லட்டுக்கு விஏ எண் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு ஓட்டி வர முடியுமா, பழைய எண் போய்விடுமா, மனு கொடுப்பதென்றால் யாரிடம் கொடுப்பது என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உத்தரவு நம் வண்டியை என்ன செய்கிறது என்பது வண்டிப் பேச்சு. உத்தரவு போட்ட கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் எப்படிப்பட்டவன் என்பது வேறு பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு நம் எல்லாருக்கும் தெரியும், தெரியாததுபோல் நடிக்க வேண்டாம்.

மனை விற்பவர்களும் சீட்டுக்கு ஆள் சேர்ப்பவர்களும் இதே "நமக்குள்ள என்ன" என்ற வாசலில்தான் உள்ளே வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: வேறு இடம் பாருங்கள்.

வண்டியை மட்டும் பேசினால் சுகதுக்கம் எப்படித் தெரியும் என்பது கடைசிக் கேள்வி. ஒரு நண்பர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் அவருடைய ஜாவாவை விசாரிக்கிற சாக்கில் வீட்டுக்குப் போகிறோம். அங்கே அவர் காய்ச்சலில் படுத்திருப்பது தெரிகிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றால் முதலில் போய் நிற்பவர்கள் இந்த வண்டிக்காரர்கள்தான். கொடுப்பவர் எந்தக் கட்சி என்று வாங்குபவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒருவருடைய கட்சி, சாதி, கோயில், மசூதி எதுவும் தெரியாமலேயே பல வருடம் அவரோடு மலைப்பாதையில் வண்டி ஓட்ட முடிகிறது, பஞ்சரான இடத்தில் இருட்டும்வரை கூட நிற்க முடிகிறது. இதை ஆழமில்லாத பழக்கம் என்பவர்கள் இதைவிட ஆழமான பழக்கம் எது என்று காட்டட்டும்.

கூட்டங்களை நடத்தும் பெரியவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பேச்சு தடம் மாறும்போது எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தால் அதை ஆமோதிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். சண்டை போட வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். "தலைவரே, அது இங்க வேணாம். இந்த வண்டியைக் கொஞ்சம் பாருங்க, ஐட்லிங் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லுங்கள். முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். ஸ்பேனர்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு ஒருவர் எழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை.