நெடுநாள் வாழும் ஆமைகளும் பதிவேடும்

நூறு வருஷத்துக்கு மேல் வாழவல்ல பெரிய ஆமைகளை வளர்ப்போர் ஆகாரத்தில் காட்டும் சிரத்தையைக் கணக்கு வைப்பதில் காட்டுவதில்லை. ஆமை ஒன்றே இருக்க, பராமரிப்போர் தலைமுறை தலைமுறையாக மாறுகின்றனர்.

கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் 2006-ம் வருஷம் இறந்த ‘அத்வைதா’ என்னும் அல்டாப்ரா ஆமைக்கு 250 வயதென்றும், ராபர்ட் கிளைவ் வளர்த்ததென்றும் கூறினர். ஐயமற நிறுவும் ஆதாரமில்லாமையால் அது கேள்விச் செய்தியாகவே நின்றது. முதிர்ந்த ஆமையின் ஓட்டு வளையங்கள் தேய்ந்துவிடுவதால், அவற்றை எண்ணுவதும் வீண்.

செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர் மாளிகையில் வளர்ந்த ‘ஜோனதன்’ விஷயம் வேறு. 1882-ல் செஷல்ஸிலிருந்து வந்தபோதே அது முழு வளர்ச்சி பெற்றிருந்ததென்ற குறிப்பு ஒன்றுண்டு. அவ்வளர்ச்சிக்கு 50 வருஷமாகுமெனக் கொண்டு, பிறப்பை 1832 என மதித்தனர். ஒரு வரிக் குறிப்பின் பலன் இது! முதுமையில் பார்வையும் மோப்பமும் இழந்து, அலகு மழுங்கி, புல் மேயவும் இயலாது அது மெலிந்தது. கால்நடை வைத்தியர் அதனைக் கண்டு, காய்கனிகளைக் கையால் ஊட்டச் செய்தார். அலகு மறுபடியும் கூர்மையுற்றது. இம்மாறுதலை இடைவிடாது கவனிப்போரே அறிய முடியும்.

ஆகவே, வருஷந்தோறும் எடை, ஓட்டின் நீளம், அலகின் நிலை ஆகியவற்றைத் தேதியுடன் எழுதிவருதல் அவசியம். நிலம் கைமாறினும் அடங்கல் கிராமத்திலேயே இருப்பது போல, அவ்வேடும் வளர்ப்பவருடன் போகாது ஆமையிருக்கும் இடத்திலேயே இருத்தல் வேண்டும்.