கூடத்தில் எதை வைப்பது?

2025ஆம் ஆண்டுக் கோடையில், நமக்கு நன்கு அறிமுகமான இல்லம் ஒன்றில் ஒரு வழக்கு நம்மிடம் வந்தது. கூடத்திலிருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி பழுதடைந்துவிட்டது. புதிதாக ஒன்றுதான் வாங்க இயலும். பொறியியல் பயிலும் மகனோ, "மானிட்டர் வாங்கினால் படிப்புக்கும் ஆகும், செட்டாப் பாக்ஸை இணைத்தால் படமும் தெரியும், சாமி" என்றான். தந்தையார் தொலைக்காட்சியே வேண்டும் என்றார். படிப்பு என்ற சொல்லைக் கேட்டால் நம் மனம் இளகிவிடும். மகன் பக்கமே தீர்ப்புரைத்தோம். 27 அங்குல மானிட்டர் வந்து சேர்ந்தது.

இரு திங்கள் கழித்து நாம் சென்றபோது, பாட்டியாரின் சாய்வு நாற்காலி வெறுமையாய்க் கிடந்தது. அவர் உள்ளறையில் படுத்திருந்தார். "எழுத்தும் தெரியல, சத்தமும் கேக்கல சாமி. அது பேரப்பிள்ளை சாமான். நடுவுல நான் எதுக்கு?" என்றார்.

பிழை நம்முடையதே. நாற்காலிக்கும் திரைக்கும் இடையே எட்டடி இருப்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. 'மானிட்டர்' என்பது எச்சரிப்பவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். பள்ளியில் அப்பெயர் தாங்கிய சட்டாம்பிள்ளையை நாம் அறிவோம். அவனும் அருகில் நின்றால்தான் பயன்படுவான்! மானிட்டர், இரண்டடி தூரத்தில் தனியொருவர் அமர்ந்து எழுத்தைப் படிப்பதற்கென ஆக்கப்பட்டது. அதில் அலைவரிசை வாங்கும் கருவி இராது. பலவற்றில் ஒலிபெருக்கியே இராது, இருந்தாலும் ஒலி மெலிந்திருக்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்கள் மட்டுமே கொண்ட பழைய செட்டாப் பாக்ஸைப் பெரும்பாலான மானிட்டர்களில் நேரே இணைக்கவும் இயலாது.

அளவைப் பாருங்கள். 43 அங்குலத் திரையின் பரப்பு 27 அங்குலத் திரையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. எட்டடிக்கு அப்பாலிருக்கும் முதிய கண்ணுக்கு இதுவே வேண்டும். புள்ளிகளின் நுண்மை அன்று. 43 அங்குலத்தில் 1920 × 1080 புள்ளிகள் இருந்தால், ஐந்தாறு அடிக்கு அப்பால் நல்ல பார்வையுடையோருக்கே தனிப் புள்ளி தெரிவதில்லை. எனவே பாட்டியாருக்காக 4கே வாங்க வேண்டியதில்லை.

ஆயினும் மகன் கூறியது முற்றிலும் தவறன்று. தொலைக்காட்சியைக் கணினியுடன் இணைத்தால் வண்ண எழுத்துகளின் ஓரம் மங்குவதுண்டு. அசையும் படத்திற்கு ஏற்ப வண்ண விவரத்தை அது குறைத்துக்கொள்வதே காரணம். எலியை நகர்த்தினால் அம்புக்குறி சற்றுப் பிந்தியே நகரும். பல பெட்டிகளில் 'பி.சி.' அல்லது 'கேம்' என்னும் அமைப்பைத் தேர்ந்தால் இக்குறைகள் பெரிதும் தணியும். ஒன்றுதான் வாங்க இயலும் என்போர், கடையில் தம் கணினியையே இணைத்து இதைச் சோதித்துப் பார்த்தல் நன்று. அருகிலமர்ந்து படிக்கவும் அதுவே எனில், 4கேயின் கூடுதல் விலை வீணாகாது.

அவ்வாண்டு செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்திற்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. தந்தையார் மேலும் சிறிது பணம் சேர்த்து 43 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டார். மானிட்டர் மகனின் மேசைக்குச் சென்றது. சாய்வு நாற்காலியில் பாட்டியார் மீண்டும் அமர்ந்துவிட்டார். ரிமோட்டின் எந்தப் பொத்தான் எதற்கென்று பேரன் நாள்தோறும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.