ஒத்தை சீட்டு கோல்ஃப் வண்டி - வாங்கலாமா, வேண்டாமா?

ஒரு ஆள் மட்டும் போகிற கோல்ஃப் வண்டி வாங்கலாமான்னு இந்த மாதம் மட்டும் ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. ரெண்டு பேருமே நம்ம ஊர்க்காரர்கள். கல்கத்தாவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு பேரம் பேசியே ரிட்டையர் ஆனவர்கள். ஒருத்தருக்கு முழங்கால் தேய்மானம். இன்னொருத்தருக்கு முட்டியெல்லாம் நன்றாகவே இருக்கிறது. டல்லாஸில் இருக்கிற பையன் "அப்பா, நான் ஒண்ணு அனுப்பறேன்"னு சொல்லியிருக்கிறான். நான் பேங்க்காரன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். பெரிய ஆட்டக்காரன் எல்லாம் கிடையாது நான். கஸ்டமர்களோடு போய் பந்தைக் குளத்துக்குள் அடித்துவிட்டு, டிபன் சாப்பிட்டு வருகிற ரகம். ஆனால் கணக்கு பார்க்க வரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்க முடிகிறவர் வாங்க வேண்டாம். முடியாதவர் தாராளமாக வாங்கலாம், ஆனால் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டியாக இருக்கட்டும். அதற்கும் முன்னால், கிளப்பில் ரெண்டு சீட்டு வண்டி வாடகைக்குக் கிடைக்கிறதான்னு கேட்டுப் பாருங்கள்.

ஒத்தை ஆள் வண்டியில் மூன்று வகை இருக்கிறது. ஒன்று, பலகை மேல் நின்றுகொண்டு அலைச்சறுக்கு மாதிரி உடம்பைச் சாய்த்துத் திருப்புவது. 2014 வாக்கில் அமெரிக்காவில் 'கோல்ஃப்போர்டு' என்று ஒன்று வந்து பிரபலமானது. ரெண்டாவது, தடித்த டயர் போட்ட எலக்ட்ரிக் ஸ்கூட்டர். பை முன்னாலேயோ பக்கவாட்டிலேயோ நிற்கும். மூன்றாவது, மூன்று அல்லது நாலு சக்கரத்தில் நாற்காலி வைத்தது. இதில் சிலவற்றில் சீட் பக்கவாட்டில் திரும்பும். இன்னும் சிலவற்றில் சீட்டே ஆளைத் தூக்கி நிறுத்திவிடும், வண்டியை விட்டு இறங்காமலேயே பந்தை அடிக்கலாம். கால் முடியாதவர்களுக்காகவே செய்தது.

முதல் ரெண்டையும் வீடியோவில் பார்க்க ஜோராக இருக்கும். ஓட்டுகிறவனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், புல் காய்ந்திருக்கும். நம்ம ஆளுக்கு அறுபத்தெட்டு. இங்கே ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை தரை வண்டல் சேறு. ஈரப் புல்லில் ரெண்டு சக்கரம் வழுக்கினால் முதலில் ஊன்றுவது எந்தக் கால்? எந்த முட்டிக்காக வண்டி வாங்கினாரோ அந்த முட்டி! ஸ்கூட்டருக்கு பாலன்ஸ் வேண்டும், பலகைக்கு இடுப்பு வேண்டும். ரெண்டும் இருக்கிறவருக்கு வண்டி எதற்குன்னு தெரியவில்லை.

உட்காருகிற வகையிலும் மூன்று சக்கரத்தை விட நாலு சக்கரம் மேல். சரிவில் குறுக்கே போகும்போது மூன்று சக்கரம் சாய்கிற பயம் அதிகம். கல்கத்தா தட்டையான ஊர், இங்கே அவ்வளவு கவலை இல்லை. ஷில்லாங்கிலோ ஊட்டியிலோ ஆடுகிறவர் என்றால் பார்க்கிங் பிரேக்கை மேட்டில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் பேச வேண்டும். டயர் அகலமாக, காற்று குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புல்தரையில் தடம் விழும், கிளப் கமிட்டி கடிதம் வரும்.

இப்போது என் ஏரியா. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28). தொழிற்சாலை மாதிரி சுற்றடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே செய்த விசேஷ வண்டி, சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. அதனால் ஆர்.சி. புக் கிடையாது. கேட்க சந்தோஷமாக இருக்கும், ஆனால் ஆர்.சி. இல்லாவிட்டால் அதில் பேங்க் பேரை ஏற்ற முடியாது, வழக்கமான வாகனக் கடனில் இது வராது. பர்சனல் லோன் வட்டிதான். ரோட்டில் ஓட்டிக்கொண்டும் போக முடியாது. கிளப்பிலேயே நிறுத்தி, அங்கேயே சார்ஜ் போட வேண்டும். ஆகவே முதலில் கிளப் செகரட்டரியிடம் எழுத்தில் அனுமதி, அப்புறம் ஷோரூம். நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒரு பேச்சுக்கு விலை 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ரெண்டு ரவுண்டு, மழை, கல்யாணம், ஊருக்குப் போவது எல்லாம் கழித்து வருஷத்துக்கு 100 ரவுண்டு. ஐந்து வருஷத்தில் 500. ரவுண்டுக்கு 600 ரூபாய். அந்தப் பணம் 7 சதவீத டெபாசிட்டில் இருந்திருந்தால் வருஷத்துக்கு 21,000, அதாவது ரவுண்டுக்கு இன்னொரு 210. ரிப்பேரும் பேட்டரியும் தனி. லெட்-ஆசிட் பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிப் பார்த்துக்கொண்டாலும் நாலைந்து வருஷம். லித்தியம் அதிக நாள் உழைக்கும், விலையும் அதிகம். (பி.காம். படிக்கும்போது தேய்மானம் என்றால் மெஷினுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டிக்கும் உண்டு போலிருக்கிறது.) இந்த 810-ஐ உங்கள் கிளப் வண்டி வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு ரவுண்டுதான் என்றால் அதுவே 1,620.

டல்லாஸ் பையன்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று கனவு காண வேண்டாம். பயணிகள் விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிக்கு அதிகபட்ச அளவு 160 வாட்-அவர், அதுவும் விமான கம்பெனி அனுமதியோடு. 48 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 960. கப்பலில் ஆபத்தான சரக்கு என்று தனிப் பேக்கிங்கோடு வரவேண்டும். வந்தாலும் சர்வீஸுக்கு ஆள்? பெங்களூரில் மைனி கம்பெனி மாதிரி நம் நாட்டிலேயே எலக்ட்ரிக் கோல்ஃப் வண்டி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்னு கேட்டுவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

இதெல்லாம் பணக் கணக்கு. எனக்கு நெருடுவது வேறு. வண்டியில் ஒரு சீட்தான் என்றால் கேடி எங்கே போவார்? (கேடி என்றதும் போலீஸ் லிஸ்ட் ஞாபகம் வந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். இவர் கோல்ஃப் பை தூக்குகிறவர்.) 18 குழி ஆட்டத்தில் எட்டு, பத்து கிலோமீட்டர் நடை, நாலு மணி நேரம், தோளில் 12 கிலோவுக்குக் குறையாத பை. ஐயா வண்டியில் ஜம்மென்று போக, கேடி பின்னால் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். மே மாத வெயிலில்.

2014-ல் ஜன்தன் கணக்கு திறந்தபோது எங்கள் பிராஞ்சுக்கு கேடிகள் கூட்டமாக வந்தார்கள். தொழில் கட்டத்தில் என்ன எழுதுவது என்று க்ளார்க் விழித்தார். கடைசியில் தினக்கூலி என்று போட்டோம். ரவுண்டு உண்டானால் காசு, மழை பெய்தால் கிடையாது. பி.எஃப். இல்லை, லீவு இல்லை. இந்த மைதானங்களிலிருந்து பெரிய ஆட்டக்காரர்களும் வந்திருக்கிறார்கள். 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் பிள்ளைதான் எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2008-ல் டில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். 1991-ல் இந்தியன் ஓபன் ஜெயித்த அலி ஷேர், டில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். பந்துக்குப் பக்கத்தில் நடந்தே ஆட்டம் கற்றவர்கள்.

அதற்காக முடியாதவர் வீட்டில் உட்காரட்டும் என்று சொல்லவில்லை. கேஸி மார்ட்டின் என்ற அமெரிக்க ஆட்டக்காரருக்கு வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு. வண்டியில் போக விடமாட்டோம் என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்ல, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2001-ல் ஏழுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பானது. 2023 கோல்ஃப் விதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்காக விதி 25 என்று தனியாகவே சேர்த்துவிட்டார்கள். முட்டி போனவர் வண்டியில் போவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அதனால்தான் ரெண்டு சீட்டு வண்டி என்கிறேன். கேடி ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கிளப்பில் ஒத்தை வண்டிதான் சாத்தியம் என்றால் வேகத்தை ஆள் நடக்கிற அளவுக்கு லாக் செய்து தரச் சொல்லுங்கள். பல மாடல்களில் அந்த வசதி உண்டு. "பைதான் வண்டியில் இருக்கே" என்று கேடி கூலியைப் பாதியாக்க வேண்டாம். பந்தைத் தேடுவது, பங்கர் மணலை வாருவது, எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வது எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. கூலியை முதல் குழிக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், பதினெட்டாவது குழியில் நின்று பேரம் பேசாமல்.